பொதுப்பணத்தில் இயங்கும் வானொலி, தொலைக்காட்சி: பக்கச்சார்பும் நியாயமும் பற்றித் திருகோணமலை நேயர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரச வானொலியும் அரச தொலைக்காட்சியும் ஆட்சியிலிருப்போரின் பக்கமே சாய்கின்றன என்ற குறை திருகோணமலை நகரில் மட்டுமன்றி மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் என மாவட்டம் முழுவதும் கேட்கிறது. குறை நியாயமானதே. ஆனால் எது பக்கச்சார்பு, எதை யாரிடம் கேட்கலாம் என்பதில் தெளிவு குறைவாக இருப்பதால் குறை குறையாகவே நின்றுவிடுகிறது. அதனால் மீண்டும் மீண்டும் எழும் கேள்விகளுக்கு இங்கே இயன்றவரை முழுமையாக விடை தரப்படுகிறது.

அரச ஒலிபரப்பு, பொது ஒலிபரப்பு இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. இரண்டுக்கும் மக்கள் பணமே செலவாகலாம். ஆயினும் அரச ஒலிபரப்பு அரசாங்கத்துக்குப் பொறுப்புச் சொல்கிறது. பொது ஒலிபரப்பு மக்களுக்குப் பொறுப்புச் சொல்கிறது. ஒரு நிலையம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பெயர்ப்பலகையைப் பார்த்து அறிய முடியாது. தலைவரை நியமிப்பவர் யார், அவரை நீக்கக்கூடியவர் யார், அடுத்த ஆண்டுக்கான பணத்தை விடுவிப்பவர் யார் என்ற மூன்றையும் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். இந்த மூன்றுக்கும் ‘அமைச்சர்’ அல்லது ‘அமைச்சரவை’ என்றே விடை வருமானால், அந்த நிலையத்தில் எத்தனை நேர்மையானவர்கள் பணியாற்றினாலும் அது அரச ஒலிபரப்பே.

இலங்கையில் எந்தெந்த நிலையங்கள் இந்த வகைக்குள் வருகின்றன?

1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய வானொலி, பின்னர் ரேடியோ சிலோன் ஆகி, 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 1967 ஜனவரியில் கூட்டுத்தாபனமாக மாறி, இன்று இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக இயங்குகிறது. அதன் தமிழ்த் தேசிய சேவையும் தென்றல் அலைவரிசையும் நாம் அறிந்தவை. தொலைக்காட்சியில், 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனமும் அதன் தமிழ் அலைவரிசையான நேத்ராவும் இருக்கின்றன. 1979இல் தனியார் முயற்சியாகத் தொடங்கி அதே ஆண்டிலேயே அரசால் பொறுப்பேற்கப்பட்ட ஐ.ரி.என். இன்று அரசுக்குச் சொந்தமான கம்பனியாக உள்ளது. வசந்தம் அதன் தமிழ் அலைவரிசை.

அவை விளம்பரத்தால்தானே சம்பாதிக்கின்றன? அதில் என் பணம் எங்கே இருக்கிறது?

விளம்பர வருமானம் உண்டு. ஆனால் அதற்கு மேலாகத் திறைசேரியிலிருந்தும் பணம் போகிறது. நட்டம் ஏற்பட்டால் அதைச் சுமப்பதும் மக்களே. வருமான வரி கட்டாதவர் கூட, கடையில் வாங்கும் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு 18 சதவீதப் பெறுமதி சேர் வரி கொடுக்கிறார். ஆகவே நிலாவெளியில் வலை இழுப்பவருக்கும் கொழும்பில் கம்பனி நடத்துபவருக்கும் இந்த நிலையங்களைக் கேள்வி கேட்கும் உரிமை ஒரே அளவுதான்.

நியாயம் என்றால் எல்லாக் கட்சிகளுக்கும் சம நிமிடங்கள் கொடுப்பதா?

தேர்தல் காலப் பிரசார உரைகளில் அப்படித்தான் இருக்க வேண்டும். மற்ற நேரங்களில் நிமிடக் கணக்கு ஓர் அறிகுறியே தவிர அதுவே நியாயம் ஆகிவிடாது. உறுதிப்பட்ட உண்மைக்கும் அதை மறுப்பவருக்கும் சமமான இடம் கொடுத்தால் உண்மைதான் நட்டப்படும். இதை பி.பி.சி. தன் அனுபவத்தில் கண்டது. காலநிலை மாற்றத்தை மறுப்போரை ‘மறுதரப்பு’ என்ற பெயரில் மீண்டும் மீண்டும் அழைத்ததை, அந்த நிறுவனத்தின் அறிவியல் செய்திகள் பற்றி 2011இல் வெளியான மதிப்பாய்வு பொய்யான சமநிலை என்று விமர்சித்தது. அதன் பிறகும் 2017 ஓகஸ்டில் பிரித்தானியாவின் முன்னாள் நிதியமைச்சர் ஒருவர் புவி வெப்பநிலை பற்றிச் சொன்ன தவறான தகவல் மறுக்கப்படாமலே பி.பி.சி. வானொலியில் போனது. பிரித்தானியாவின் ஒழுங்குறுத்தும் அமைப்பான ஆப்கொம், அது துல்லியம் பற்றிய விதியை மீறியது என்று 2018இல் தீர்மானித்தது.

நம் ஊரிலிருந்தே இன்னொன்று சொல்லலாம். 2022 ஜனவரியில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் பற்றிய உடன்படிக்கை கைச்சாத்தான போது, ஆளும் கட்சிப் பேச்சாளர் ஒருவருக்கு இரண்டு நிமிடம், எதிர்க்கட்சிப் பேச்சாளர் ஒருவருக்கு இரண்டு நிமிடம் கொடுத்துவிட்டு ‘சமநிலை பேணினோம்’ என்று ஒரு நிலையம் சொல்லியிருந்தால், கணக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் 99 தாங்கிகளில் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி.க்கு, எஞ்சிய 61 கூட்டுத்தாபனம் 51 சதவீதமும் ஐ.ஓ.சி. 49 சதவீதமும் வைத்திருக்கும் கூட்டுக் கம்பனிக்கு என்ற விவரமும், குத்தகை 50 ஆண்டுகளுக்கு என்ற விவரமும் அந்தச் செய்தியில் இல்லாவிட்டால், தாங்கிகளுக்கு அருகே வாழ்பவர் எந்தப் பேச்சாளர் சொல்வது சரி என்று எதை வைத்து முடிவு செய்வார்? இரு தரப்பும் ஏசிக்கொள்வதை ஒலிபரப்புவது எளிது, செலவும் இல்லை. விவரத்தைத் தேடித் தருவதற்குத்தான் உழைப்பு வேண்டும், அந்த உழைப்புக்காகவே மக்கள் பணம் கொடுக்கிறார்கள்.

பக்கச்சார்பை நான் எப்படி அடையாளம் காண்பது? எனக்குப் பிடிக்காத செய்தியையெல்லாம் பக்கச்சார்பு என்று சொல்லிவிடுவேனோ என்று தயக்கமாக இருக்கிறது.

அந்தத் தயக்கம் நல்லது. அது இல்லாதவர் செய்யும் முறைப்பாடு எடுபடாது. மனதில் பட்டதை எழுத்தில் உள்ளதாக மாற்றினால் தயக்கம் தீரும். ஒரே நிலையத்தின் ஒரே நேரச் செய்தியறிக்கையைச் சில நாள்கள் தொடர்ந்து கேளுங்கள். கையில் ஒரு கொப்பியும் கைபேசியின் நேரக்கணிப்பானும் போதும். ஒவ்வொரு செய்திக்கும் அது எத்தனையாவது இடத்தில் வந்தது, எவ்வளவு நேரம் ஓடியது, யார் தம் சொந்தக் குரலில் பேசினார், யார் சொன்னதை வாசிப்பவர் தன் வாயால் சுருக்கிச் சொன்னார் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவற்றுள் குரல் பற்றிய குறிப்பே முக்கியமானது என்று கருதுகிறேன். தடைசெய்யப்பட்ட சுருக்குவலைத் தொழிலை நிறுத்தக் கோரிக் கரையோர மீனவர்கள் ஆர்ப்பாட்டம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செய்தி வருகிறது, இருட்டடிப்பு இல்லை. ஆனால் ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று அமைச்சர் தரும் உறுதிமொழி அவருடைய குரலிலேயே முழுமையாக ஒலிக்கிறது. மீனவர்களோ ‘எதிர்ப்புத் தெரிவித்தனர்’ என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். எந்த வலை, எந்தக் கடற்பரப்பு, எவ்வளவு காலமாக முறையிடுகிறார்கள் என்ற எதுவும் இல்லை. இந்தச் செய்தியில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. ஆயினும் கேட்டு முடிப்பவர் மனதில் அமைச்சர் பொறுப்பானவராகவும் மீனவர்கள் கூச்சலிடுபவர்களாகவும் பதிகிறார்கள். இதே அமைப்பு ஒரு நாள் வந்தால் அது அவசரத்தில் நேர்ந்த குறை. மாதம் முழுவதும் வந்தால் அது வழக்கம். வழக்கத்தைத்தான் பக்கச்சார்பு என்று சொல்ல முடியும்.

வினைச்சொற்களையும் கவனிக்க வேண்டும். ஒருவர் ‘சுட்டிக்காட்டினார்’ என்றும் அவருக்கு மறுமொழி சொன்னவர் ‘குற்றஞ்சாட்டினார்’ என்றும் எழுதப்படும்போது, எந்தப் பக்கத்தை நம்ப வேண்டும் என்ற தீர்ப்பும் கூடவே சொல்லப்பட்டுவிடுகிறது. வராத செய்தியைக் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். அதற்கு அன்றைய தினத்தின் இரண்டு பத்திரிகைகளையாவது பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

தமிழ்ச் சேவைகள் தனியாக இருக்கின்றனவே. தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரை அது போதாதா?

நிகழ்ச்சி தமிழில் இருப்பது ஒன்று, செய்தி எங்கே யாருடைய கண்ணால் தெரிவு செய்யப்படுகிறது என்பது வேறொன்று. கொழும்பில் ஒரு மேசையில் தெரிவாகும் தலைப்புச் செய்திகள் மூன்று மொழிகளில் வாசிக்கப்பட்டால் மொழியுரிமை காக்கப்பட்டதாக ஏட்டில் எழுதலாம். ஆனால் வெருகலில் பாலம் உடைந்ததும் ஈச்சிலம்பற்றில் பாடசாலைக்கு ஆசிரியர் இல்லாததும் அந்த மேசையை எட்டாவிட்டால், நமக்கு நம் மொழியில் பிறருடைய செய்திதான் கிடைக்கிறது.

திருகோணமலைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஏறக்குறைய 380,000 பேர் வாழ்ந்த இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 40 சதவீதம். தமிழர்களும் சிங்களவர்களும் அவர்களுக்கு அடுத்து, ஏறத்தாழ ஒருவருக்கொருவர் நெருங்கிய எண்ணிக்கையில் இருக்கிறார்கள். ஒரே காணிப் பிரச்சினையைச் சிங்களச் செய்தியறிக்கை ஒரு விதமாகவும் தமிழ்ச் செய்தியறிக்கை வேறு விதமாகவும் சொன்னால், ஒரே சந்தைக்குப் போகும் அயலவர்கள் இரண்டு வெவ்வேறு ஊர்களில் வாழ்பவர்களைப் போல ஆகிவிடுகிறார்கள். தமிழ்ச் சேவைக்குள்ளேயும் கிண்ணியாவின் குரலும் சம்பூரின் குரலும் நகரத்தின் குரலுக்கு இணையாக வருகின்றனவா என்று கேட்க வேண்டியிருக்கிறது. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, பலர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளின் பின்னரே ஊர் திரும்ப முடிந்தது. அந்த இடைக்காலத்தில் அனல்மின் நிலையத் திட்டம் ‘அபிவிருத்தி’ என்ற தலைப்பில் செய்தியானபோது, அந்த நிலத்துக்கு உரியவர்கள் முகாம்களில் இருந்தார்கள். அத்திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அபிவிருத்திச் செய்தியில் காணிக்காரரின் குரல் இருக்க வேண்டும் என்பது எந்தக் கட்சிக்கும் சாதகமான கோரிக்கை அல்ல.

அரசு வெளியிடும் அறிக்கையை அப்படியே வாசிப்பது எப்படிப் பக்கச்சார்பாகும்? அது அதிகாரபூர்வமான தகவல்தானே?

அதிகாரபூர்வமான தகவல் என்பது ஒரு தரப்பின் தகவல். அதை அத்தரப்பின் பெயரோடு சொல்வது செய்தி. பெயரை நீக்கிவிட்டு நடந்ததே அதுதான் என்று சொல்வது பக்கச்சார்பு.

இதற்கு இந்த ஊர் கொடுத்த விலை பெரிது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்கு அருகிலுள்ள கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்பதுதான் படைத்தரப்பிலிருந்து முதலில் வந்த கதை. ‘சுடர் ஒளி’ பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிய சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள், உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதை வெளிப்படுத்தின. அதே மாதம் 24ஆம் திகதி காலை அவரும் நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்கள் வழக்கில் சந்தேகநபர்களாக நிறுத்தப்பட்ட விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். முதல் அறிக்கையோடு எல்லாரும் நின்றிருந்தால் அந்த ஐந்து பேரும் தம் சாவுக்குத் தாமே காரணமானவர்கள் என்றே பதிவாகியிருப்பார்கள். அறிக்கையை வாசித்துவிட்டு வைத்தியசாலைக்கும் போய்ப் பார்ப்பதுதான் செய்தித்தொழில். அதைச் செய்யும் துணிவு, மக்கள் பணம் பெறும் நிலையத்துக்கு ஒரு சிறிய பத்திரிகையின் பிரதேச செய்தியாளருக்கு இருந்ததை விடக் குறைவாக இருக்கக் கூடாது.

போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கில் பலர் உள்நாட்டுச் செய்தியைத் தெரிந்துகொள்ள இலண்டனிலிருந்து வந்த பி.பி.சி. தமிழோசையையும் பிலிப்பைன்சிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியையும் காத்திருந்து கேட்டார்கள். அரச வானொலியில் பாட்டும் நாடகமும் கேட்டவர்கள், செய்தி நேரத்தில் மட்டும் அலைவரிசையை மாற்றினார்கள். தமிழோசையின் வானொலிச் சேவை 2017 ஏப்ரலில் நின்றுவிட்டது. அந்த நம்பிக்கையின் இடத்தை உள்நாட்டு நிலையம் ஒன்று எடுத்துக்கொண்டதாகச் சொல்ல முடியவில்லை.

யாரை நியமித்தால் என்ன? நல்லவர் ஒருவர் தலைவராக வந்தால் போதாதா?

போதாது. நல்லவரை நீக்குவதற்கு ஒரு கடிதம் போதுமென்றால், அந்தக் கடிதம் வராதபடி நடந்துகொள்ள அவரும் பழகிவிடுவார். இலங்கையில் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தினதும் ரூபவாஹினியினதும் பணிப்பாளர் சபைகளை நியமிக்கும் அதிகாரம் விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சரிடம் இருக்கிறது. குறையின் வேர் அங்கேதான்.

ஜேர்மனியில் வேறு வழியில் போனார்கள். நாசி ஆட்சியில் வானொலி என்ன ஆனது என்பதை அனுபவித்த நாடு அது. 1961இல் மத்திய அரசாங்கம் தனக்கென ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தை அமைக்க முயன்றபோது, ஒலிபரப்பு அரசின் பிடிக்கு வெளியே இருக்க வேண்டும் என்று கூறி அரசியலமைப்பு நீதிமன்றம் அதைத் தடுத்தது. 2014இல் அதே நீதிமன்றம், செற்.டி.எவ். தொலைக்காட்சியின் மேற்பார்வைச் சபைகளில் அரசையும் அரசியலையும் சார்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரையறுத்தது. எஞ்சிய இடங்களில் தொழிற்சங்கம், சமயம், விளையாட்டு, குடிபெயர்ந்தோர் எனச் சமூகத்தின் பல பகுதியினரும் அமர்கிறார்கள். செலவுக்கு ஒவ்வொரு வீடும் மாதம் 18.36 யூரோ நேரடியாகக் கட்டுகிறது. அந்தத் தொகையைச் சுதந்திரமான ஆணைக்குழு ஒன்று கணக்கிட்டுப் பரிந்துரைப்பதால், விரும்பாத செய்திக்காகப் பணத்தை நிறுத்துவது ஓர் அமைச்சருக்கு எளிதல்ல.

இதே ஜேர்மனியின் சர்வதேச ஒலிபரப்பான டொய்ச்சே வெலே 1980களில் திருகோணமலையில் மறு ஒலிபரப்பு நிலையம் ஒன்றை அமைத்து, பின்னர் அதை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைத்தது. கருவிகளும் கோபுரங்களும் கைமாறின. நியமன முறை பற்றிய பாடம் மட்டும் இன்னும் கைமாறவில்லை.

பிரித்தானியாவில் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா?

இல்லை. 1926 பொது வேலைநிறுத்தத்தின்போது பி.பி.சி. தொழிற்கட்சித் தலைவர் ராம்சே மக்டொனால்டுக்குப் பேச இடமளிக்கவில்லை. சமரசம் கோரிய கண்டர்பரிப் பேராயரின் வேண்டுகோளையும் அந்த நேரத்தில் ஒலிபரப்பவில்லை. அன்று அதை நடத்திய ஜோன் ரீத் அரசாங்கம் நிலையத்தைக் கைப்பற்றிவிடும் என்று அஞ்சினார். அந்த அச்சம் ஏற்படாதபடி முடியரசின் சாசனம், தனியான உரிமக் கட்டணம், வெளியிலிருந்து மேற்பார்வை என்று ஒவ்வொன்றாகக் கட்டியெழுப்பப் பல பத்தாண்டுகள் ஆயின. குறைகள் இன்றும் உண்டு. முறையிட ஓர் இடமும் எழுத்தில் பதிலும் உண்டு என்பதே வித்தியாசம்.

ஆட்சி மாறினால் நிலைமை மாறாதா?

சாயும் திசை மாறும். 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி இரவு புதிய பிரதமர் ஒருவர் திடீரெனப் பதவியேற்ற சில மணி நேரத்துக்குள் அவருடைய ஆதரவாளர்கள் அரச தொலைக்காட்சி நிலையங்களுக்குள் புகுந்தார்கள்; ரூபவாஹினியின் ஒளிபரப்பும் சிறிது நேரம் தடைப்பட்டது. ஆட்சி யாருடையது என்று நீதிமன்றம் முடிவு செய்யுமுன்பே நிலையம் யாருடையது என்பது முடிவாகிவிட்டது. 2007 டிசம்பரில், தன்னுடைய உரை ஒளிபரப்பாகவில்லை என்று பிரதியமைச்சர் ஒருவர் ஆள்களோடு ரூபவாஹினிக்குள் நுழைந்து செய்திப் பணிப்பாளரைத் தாக்கியபோது, எதிர்த்து நின்றவர்கள் அங்கிருந்த ஊழியர்கள். 2022 ஜூலை 13இல் புகுந்தவர்கள் போராட்டக்காரர்கள். மூன்று நிகழ்வுகளிலும் நுழைந்தவர்கள் வேறு வேறு. அந்தக் கட்டடத்தைப் பிடித்தால் நாட்டின் காதைப் பிடித்துவிடலாம் என்ற எண்ணம் ஒன்றே.

தேர்தல் காலத்தில் சிறப்பான பாதுகாப்பு ஏதும் உண்டா?

உண்டு, மற்றக் காலங்களை விடச் சட்டம் இங்கே வலுவானது. 2001இல் 17ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 104ஆ உறுப்புரையின்படி, தேர்தல்கள் ஆணைக்குழு ஊடகங்களுக்கு வழிகாட்டு நெறிகளை விடுக்கலாம். ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமோ ரூபவாஹினியோ அவற்றை மீறினால், தேர்தலைப் பாதிக்கக்கூடிய ஒலிபரப்புகளின் முகாமைத்துவத்தைப் பொறுப்பேற்கத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரையும் ஆணைக்குழு நியமிக்கலாம். ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர்களுக்கு அரச வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இலவச நேரம் ஒதுக்கப்படுகிறது. ஆனால் பிரசார உரைக்குச் சமநேரம் கொடுத்துவிட்டு, செய்தியறிக்கை முழுவதும் அமைச்சர்கள் வீதி திறப்பதையும் உறுதிப்பத்திரம் வழங்குவதையும் காட்டினால் அந்தச் சமநேரத்தால் பயனில்லை. நேயர் கவனிக்க வேண்டியது செய்தியறிக்கையைத்தான். பெப்ரல், தேர்தல் வன்முறைகளைக் கண்காணிக்கும் நிலையம் போன்ற தேர்தல் கண்காணிப்பு அமைப்புகளுக்கும் திகதியோடும் நேரத்தோடும் விவரம் அனுப்பலாம்.

நம் நீதிமன்றங்கள் இதுபற்றி ஏதும் சொல்லியிருக்கின்றனவா?

இரண்டு தீர்மானங்களை ஒவ்வொரு நேயரும் அறிந்திருக்க வேண்டும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தன் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றை 1995இல் திடீரென நிறுத்தியது. அந்த நிகழ்ச்சியில் பங்கேற்றுவந்த சாதாரண நேயர் ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பேச்சுச் சுதந்திரத்துக்கான அவருடைய உரிமை மீறப்பட்டதாக 1996இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், அலைவரிசைகள் மட்டுப்பட்ட வளம் என்றும் அரசு அவற்றைப் பொதுமக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்றும் கூறியது. நிலைய உரிமையாளரோ அரசியல்வாதியோ அல்லாத ஒரு நேயர் வென்றார் என்பதே அந்த வழக்கின் பெருமை. அடுத்த ஆண்டு, ஒலிபரப்பு அதிகாரசபையை அமைக்கும் சட்டமூலத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், அலைவரிசைகளை மேற்பார்வை செய்யும் அமைப்பு அரசாங்கத்திலிருந்து சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, அச்சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்மானித்தது. இந்தியாவில் 1995இல் உச்ச நீதிமன்றமும் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்றே கூறியது. ஆனால் அங்குள்ள பொது வானொலியையும் தொலைக்காட்சியையும் நடத்தும் பிரசார் பாரதி 1997இல் இயங்கத் தொடங்கிய பிறகும் அங்கே பணம் அரசாங்கத்திடமிருந்தே வருவதால், இதே விவாதம் தொடர்கிறது.

தனியார் அலைவரிசைகள் இதைவிட மோசமாகச் சாய்கின்றனவே?

சில சாய்கின்றன. அவையும் பொதுச்சொத்தான அலைவரிசைகளைப் பயன்படுத்துவதால் துல்லியமும் நேர்மையும் அவற்றுக்கும் கடமை. ஆனால் தனியார் நிலையம் பிடிக்காவிட்டால் அதை விட்டு விலகலாம். அரச நிலையத்தைக் கேட்பதை நிறுத்தலாமே தவிர அதற்குப் பணம் கொடுப்பதை நிறுத்த முடியாது.

பேசாமல் இவற்றை மூடிவிட்டுப் பணத்தைப் பாடசாலைகளுக்குக் கொடுத்தால் என்ன?

கோபத்தில் இப்படிக் கேட்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் உடன்படவில்லை. அமெரிக்காவில், பக்கச்சார்பு என்ற குற்றச்சாட்டையே காரணமாகக் காட்டி, பொது ஒலிபரப்புக்கென ஒதுக்கிய சுமார் 110 கோடி டொலரை 2025 ஜூலையில் காங்கிரஸ் திரும்பப் பெற்றது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி அந்தப் பணத்தைப் பகிர்ந்தளித்துவந்த கூட்டுத்தாபனம் அடுத்த மாதமே தன் பணிகளை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. பெரிய நகரங்களின் நிலையங்களுக்கு நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணத்தையே பெரிதும் நம்பியிருந்தவை, வேறு உள்ளூர்ச் செய்தி ஊடகம் இல்லாத கிராமப்புறங்களின் சிறு நிலையங்கள்.

இங்கே மூடினாலும் அடி விழுவது நம்மைப் போன்ற மாவட்டங்களுக்கே. தமிழ் விளம்பரச் சந்தை சிறியது; கோமரங்கடவலவிலோ ஈச்சிலம்பற்றிலோ ஒரு செய்தியாளரை வைத்திருப்பதால் தனியார் நிறுவனத்துக்கு இலாபம் இல்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட இரவுகளில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அறுந்த பிறகு, மின்கலத்தில் ஓடும் வானொலிதான் எஞ்சும். அரசியல் செய்தியில் நம்பிக்கை இழந்த நிலையம் ‘கரையோரத்தை விட்டு வெளியேறுங்கள்’ என்று சொல்லும்போதும் மக்கள் தயங்குவார்கள். ஆகவே திருத்த வேண்டும்; மூடக் கூடாது.

நம் ஊர்ச் செய்தியாளரைக் கண்டால் கோபம் வருகிறது. அவரிடம் கேட்கலாமா?

அன்போடு கேளுங்கள், குற்றஞ்சாட்டாதீர்கள். பிரதேச செய்தியாளர்கள் பலருக்கு நிரந்தரச் சம்பளம் இல்லை. அவர் அனுப்பிய நான்கு நிமிடப் பதிவில் எந்த இருபது வினாடி போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் வேறொருவர். கேள்வி அந்த மேசைக்குத்தான் போக வேண்டும்.

சரி, முறையிடுவது எப்படி?

முதலில் நிலையத்தின் தலைவருக்கும் செய்திப் பணிப்பாளருக்கும் எழுதுங்கள். நிகழ்ச்சி, திகதி, நேரம், சொல்லப்பட்ட வாக்கியம், அதில் உள்ள குறை, நீங்கள் கேட்கும் திருத்தம் ஆகியவை ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். ‘எப்போதும் இப்படித்தான்’ என்ற வாக்கியத்தைத் தவிர்த்துவிடுங்கள். கொப்பியில் குறித்த விவரமே பேசட்டும்.

அடுத்ததாகக் கையில் இருக்கும் வலுவான கருவி, 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையிலுள்ள 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அரச கூட்டுத்தாபனங்களும் அரசு பெரும்பங்கு வைத்திருக்கும் கம்பனிகளும் அதற்குள் அடங்கும். திருகோணமலை மாவட்டத்தில் எத்தனை செய்தியாளர்கள் இருக்கிறார்கள், குறித்த மாதத்தில் இந்த மாவட்டத்திலிருந்து எத்தனை செய்திகள் ஒலிபரப்பாயின, அரச நிறுவனங்களிடமிருந்து எவ்வளவு விளம்பரப் பணம் வந்தது, முறைப்பாடுகளைக் கையாள எழுத்திலான நடைமுறை உண்டா என்று கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் அந்நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இந்நிறுவனங்களின் கணக்குகளைக் கணக்காய்வாளர் நாயகம் பரிசோதிக்கிறார். அரச நிறுவனங்களை ஆராயும் பாராளுமன்றத்தின் கோப் குழு அவற்றின் அதிகாரிகளை அழைத்து விசாரிக்கலாம். மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் எவராயினும், உங்கள் கேள்வியை அவரிடம் கொடுத்து அங்கே எழுப்பச் சொல்லுங்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கருதினால் 126ஆவது உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

கொழும்புக்கு எழுதுவதென்றால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டுமா?

வேண்டியதில்லை. தமிழ் அரசகரும மொழி. அரச நிறுவனத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. பதில் புரியாத மொழியில் வந்தால், தமிழில் தருமாறு கேட்டு அதே கடிதத்தின் பிரதியை இணைத்துத் திருப்பி அனுப்புங்கள். அனுப்பும் ஒவ்வொன்றையும் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கொப்பியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தகவல் கோரிக்கைக்கான 14 வேலை நாள்களை எண்ணத் தொடங்கும்போதும் மேன்முறையீட்டின்போதும் அந்தச் சீட்டு உங்களிடம் இருக்க வேண்டும்.